சிவப்பு விளக்கு எரிந்ததும் கை ஏன் இறுகுகிறது? – ஒரு ராக் டிரம்மரிடம் வாசகர்கள் கேட்டவை

எங்கள் இசைக்குழுவின் மூன்றாவது ஆல்பத்துக்கான பதிவு போன வாரம்தான் முடிந்தது. இப்போது மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிவான ஓசைகளை அளவு பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது) நடக்கிறது, அடுத்த மாதம் மேடை நிகழ்ச்சிகள் தொடங்குகின்றன. இந்த இடைவெளியில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுத முடியுமா என்று ஆசிரியர் கேட்டதும் உடனே சரி என்றேன். பதினெட்டு வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். தொடங்கிய காலத்தில் இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் தவித்தவன் நான். வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு ஆல்பத்தைப் பதிவு செய்ய எவ்வளவு காலம் ஆகும்? ஒரே நாளில் முடித்தவர்களும் உண்டு, வருடக்கணக்கில் இழுத்தவர்களும் உண்டு என்கிறார்களே, எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள். அதில் 10 பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று, காலையில் ஆரம்பித்து இரவுக்குள் ஒரே நாளில் பதிவு செய்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்களின் பாடகர்களில் ஒருவரான ஜான் லெனனுக்குக் கடுமையான சளி. தொண்டை கிழியப் பாட வேண்டிய பாட்டு ஒன்றைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள், அதை முதலில் பாடியிருந்தால் மற்றவற்றுக்குக் குரலே மிஞ்சியிருக்காது. பிளாக் சாபத்தின் முதல் ஆல்பமும் 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவானதுதான். ஆனால் அதே பீட்டில்ஸ், 1966 நவம்பரிலிருந்து 1967 ஏப்ரல் வரை இன்னொரு ஆல்பத்துக்காக ஏறக்குறைய 700 மணி நேரம் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான்கு வருடத்தில் என்ன மாறியது என்று பாருங்கள். 1963-ல் அவர்கள் இரவு இரவாக மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். பாட்டுகள் கையில் ஊறிப்போயிருந்தன, மைக்கை வைத்து எடுக்க வேண்டியதுதான் பாக்கி. 1966 ஆகஸ்ட்டோடு சுற்றுப்பயணத்தையே நிறுத்திவிட்டார்கள், அதனால் பாட்டை ஸ்டூடியோவுக்குள்தான் கட்ட வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான்: பிங்க் ஃபிளாய்ட் 1973 மார்ச்சில் வெளியிட்ட ஆல்பத்தை அதற்கு முந்தைய வருடம் முழுக்க மேடையில் வாசித்து வாசித்துத் திருத்தியிருந்தார்கள். கேட்பவர்களுக்கு எந்த இடத்தில் கவனம் நழுவுகிறது என்பது மேடையில்தான் தெரியும், நான்கு சுவருக்குள் தெரியாது.

எங்கள் கணக்கைக் கேட்டால், ரிஹர்சல் அறையில் பாட்டுகளை வெட்டி ஒட்டியது இரண்டு மாதம், டிரம்ஸ் ஐந்து நாள், பேஸ் கிட்டார் மூன்று நாள், கிட்டார் பத்து நாளுக்கு மேல், குரல் விட்டு விட்டு மூன்று வாரம். ரிஹர்சலில் செலவழித்த அந்த இரண்டு மாதம் இல்லையென்றால் மற்ற எல்லாமே இரட்டிப்பாகியிருக்கும்.

கேள்வி: வீட்டில் வாசித்தால் எல்லாம் சரியாக வருகிறது, மேடையிலும் பரவாயில்லை. ரெக்கார்டிங் என்று உட்கார்ந்தால் மட்டும் கை நடுங்கிச் சொதப்பிவிடுகிறேன். நான் கிட்டார் வாசிப்பவன். இதற்கு மருந்து உண்டா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. எங்கள் முதல் ஆல்பத்தில், மூன்று வருடமாக மேடையில் வாசித்த ஒரு பாட்டை நான் பதினேழு தடவை வாசித்தேன். பதிவு ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்து, ஹெட்ஃபோனில் ‘ரோலிங்’ என்ற குரல் கேட்டதும் வலது கை இறுகிவிடும், இரண்டாவது ஃபில் (வரிகளுக்கு நடுவே டிரம்மர் நிரப்பும் சின்ன உருட்டல்) வரும்போது வேகம் கூடிவிடும், நிறுத்தச் சொல்வார்கள், மறுபடி முதலிலிருந்து. பதினேழாவது டேக் முதல் டேக்கைவிட மோசமாக இருந்தது. அன்று இரவு வீட்டுக்குப் போகும் வழியில் இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

இது ஏன் நடக்கிறது என்று பிறகு யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். பழகும்போது காது பாட்டைக் கேட்கிறது. பதிவின்போது காது தப்பைத் தேடுகிறது. எட்டு பார் (தாளச் சுற்று) தள்ளி ஒரு கடினமான இடம் வரப்போகிறது என்று மனம் முன்கூட்டியே அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது, கை மட்டும் இங்கே தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பெரும்பாலும் கடினமான இடத்தைத் தாண்டிவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருக்கும் சுலபமான இடத்தில் தடுக்கி விழுகிறோம்.

எனக்கு உதவியதைச் சொல்கிறேன். தினமும் பழகும்போது ஃபோனில் பதிவை ஓடவிடுங்கள், நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல். அன்றைக்கே கேட்காதீர்கள், மறுநாள் காலையில் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் மனசு நொந்துபோகும், நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற உங்கள் வாசிப்புக்கும் உண்மையில் கேட்பதற்கும் அவ்வளவு தூரம் இருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து அந்தச் சத்தம் பழகிவிடும், பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பதே மறந்துவிடும். அந்த மறதிதான் உங்களுக்கு வேண்டியது. அப்புறம், ஸ்டூடியோவில் ஒரு பாட்டை மூன்று அல்லது நான்கு முறைக்கு மேல் தொடர்ந்து எடுக்காதீர்கள். வரவில்லையா, வேறு பாட்டுக்குப் போங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் அனுபவசாலியாக இருந்தால் ‘சும்மா ஒரு தடவை வாசிங்க, லெவல் பார்க்கணும்’ என்று சொல்லிவிட்டு அதையே பதிவு செய்துகொள்வார். எங்கள் இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அப்படி வந்ததுதான். முடித்துவிட்டு ‘சரி, இப்ப எடுக்கலாமா?’ என்று நான் கேட்டபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

கேள்வி: கிளிக் டிராக் வைத்து வாசித்தால் பாட்டின் உயிர் போய்விடும் என்கிறான் என் நண்பன். சரியா?

பதில்: கிளிக் என்பது வேகம் மாறாமலிருக்க ஹெட்ஃபோனில் ஒலிக்கும் ‘டிக் டிக்’ தட்டு. அதைத் துரத்திக்கொண்டு வாசித்தால் உயிர் போய்விடும். அதை இன்னொரு வாத்தியக்காரர் மாதிரி நினைத்து, அவரோடு சேர்ந்து வாசிக்கப் பழகினால் போகாது. கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) வரும்போது எந்தக் குழுவும் இயல்பாகவே கொஞ்சம் வேகமெடுக்கும். நாங்கள் அந்த இடத்தில் கிளிக்கையே நிமிடத்துக்கு இரண்டு தட்டு கூட்டி வைத்துக்கொள்கிறோம். ஒரு பாட்டுக்கு மட்டும் கிளிக்கே வைக்கவில்லை, அது நிதானமாக மூச்சு விட வேண்டிய பாட்டு.

கேள்வி: எல்லாக் குழுக்களும் டிரம்ஸை முதலில் பதிவு செய்வது ஏன்? அதற்கு மட்டும் ஏன் அவ்வளவு நேரம்?

பதில்: இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

மற்ற வாத்தியங்களெல்லாம் நிற்கும் தரை டிரம்ஸ்தான். கிட்டாரின் ஒரு வரியைப் பிறகு மாற்றலாம், குரலைச் சொல் சொல்லாகத் திருத்தலாம், டிரம்ஸை மாற்றினால் மேலே கட்டியது எல்லாம் ஆடும். அதனால் முதலில் கிட்டாரும் குரலும் ஒரு வழிகாட்டிக்காகச் சும்மா பதிவாகும், அதைக் கேட்டுக்கொண்டே டிரம்மர் வாசிப்பார், பிறகு அந்த வழிகாட்டியை அழித்துவிட்டு ஒவ்வொன்றாக மேலே வைப்பார்கள். குழு முழுவதும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்வதும் உண்டு. முடிந்தால் அப்படிச் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நேரம் ஏன் ஆகிறது என்றால், டிரம்ஸ் என்பது ஒரு வாத்தியம் இல்லை, ஏழெட்டு வாத்தியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக், மேலே இரண்டு, அறையின் மூலையில் இன்னும் இரண்டு. ஸ்னேர் என்ற சின்ன டிரம்மை அடித்தால் அது எல்லா மைக்கிலும் விழும், ஆனால் ஒரே நேரத்தில் விழாது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. இந்தச் சின்ன இடைவெளியே போதும், இரண்டு மைக்கின் ஒலியைச் சேர்க்கும்போது ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும், கிண்ணென்று இருந்த ஸ்னேர் அட்டைப் பெட்டி மாதிரி ஆகிவிடும். அதனால் மேலே தொங்கும் இரண்டு மைக்கும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். எங்கள் பொறியாளர் ஒரு கயிற்றை ஸ்னேரின் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பார். அவ்வளவு விலையுயர்ந்த கருவிகளுக்கு நடுவில் ஒரு கயிறு.

அறையும் ஒரு வாத்தியம்தான். 1971-ல் வெளிவந்த லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு, ஜான் போனமின் டிரம்ஸைப் பழைய வீடொன்றின் மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மேல் தளத்திலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டு எடுத்தார்கள். அந்த உயரமான கூடம் கொடுத்த முழக்கத்தை இன்றுவரை பிறர் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, என்னிடம் யாரும் முன்கூட்டியே சொல்லாதது. மேடையில் சிம்பலை (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) ஓங்கி அடித்துப் பழகிய கை, ஸ்டூடியோவில் அதை மறக்க வேண்டும். சிம்பலின் ஓசை எல்லா மைக்கிலும் பரவி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும், பிறகு எந்த மிக்ஸிங்கிலும் பிரிக்க முடியாது. டிரம்ஸை அழுத்தமாகவும் சிம்பலை அதில் பாதி பலத்திலும் அடிக்க வேண்டும். ஒரே கை, ஒரே நொடியில் இரண்டு பலம். இதைப் பழக எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, இப்போதும் உற்சாகம் கூடினால் தவறிவிடுகிறேன்.

கேள்வி: பெரிய ஸ்டூடியோவுக்குப் போக எங்களால் முடியாது. வீட்டில் எடுத்த பதிவை யாராவது மதிப்பார்களா?

பதில்: ஏன் மதிக்க மாட்டார்கள்? அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் வெளியிட்ட ஒரு ஆல்பம், வீட்டில் நான்கு டிராக் (நான்கு ஓசைகளைத் தனித்தனியாகப் பதியும்) கேசட் கருவியில் மாதிரிக்காகப் பதிவு செய்தது. பிறகு குழுவோடு சேர்ந்து ஸ்டூடியோவில் எடுத்துப் பார்த்தும் அந்தக் கேசட்டில் இருந்த ஏதோ ஒன்று வரவில்லை, கேசட்டையே வெளியிட்டுவிட்டார்கள். டீப் பர்ப்பிள் 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தில் பதிவு செய்ய நினைத்திருந்த கட்டடம் தீயில் எரிந்துபோனது. குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி ஒலியைத் தடுத்து, வெளியே நின்ற ஒலிப்பதிவு வண்டிக்குக் கம்பி இழுத்து அந்த ஆல்பத்தை முடித்தார்கள். குரலையும் கிட்டாரையும் வீட்டில் எடுங்கள். கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான் என்றால் அதை டிரம்ஸுக்கான இரண்டு நாளுக்கும், வெளியாள் ஒருவர் செய்யும் மாஸ்டரிங்குக்கும் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) செலவிடுங்கள்.

கேள்வி: கணினியில் எத்தனை டேக் வேண்டுமானாலும் எடுக்கலாம், எல்லாத் தப்பையும் திருத்தலாம். இது நல்லதா?

பதில்: நல்லதுதான், ஆனால் நிறுத்தத் தெரிய வேண்டும். டேப் காலத்தில் டேப்பே நம்மை நிறுத்தும். ஃபிளீட்வுட் மேக் 1977-ல் வெளியிட்ட ஆல்பத்துக்காக, பதிவான டேப்பின் மேல் மேலும் மேலும் சேர்த்து ஓட்டி ஓட்டி, டேப்பின் பூச்சே தேய்ந்து டிரம்ஸின் பளிச்சென்ற ஓசை மங்கிவிட்டது. முன்னெச்சரிக்கையாக எடுத்து வைத்திருந்த நகல் டேப்பை, இரண்டு காதிலும் இரண்டு டேப்பைக் கேட்டுக்கொண்டே கையால் வேகத்தைச் சரிசெய்து பொருத்தினார்கள். இப்போது எதுவும் தேய்வதில்லை, வாசிக்கிறவர்தான் தேய்கிறார். இந்த ஆல்பத்தில் ஒரு பாட்டில் என் ஃபில் ஒன்று கொஞ்சம் பின்தங்கி விழுகிறது. நேராக்கிப் பார்த்தோம். நேரானதும் அடுத்து வரும் குரலுக்கு இருந்த தயக்கம் காணாமல் போய்விட்டது. பழையபடியே விட்டுவிட்டோம்.

கேள்வி: ராக் இசைக்கலைஞர்களுக்குக் காது கேட்காமல் போய்விடும் என்பது உண்மையா? ஒரு கச்சேரிக்குப் போய்விட்டு வந்தாலே இரண்டு நாள் காதில் ‘கொய்ங்’ என்கிறது.

பதில்: தயவுசெய்து இந்தப் பதிலை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

அந்தக் ‘கொய்ங்’ உங்கள் காதின் முறையீடு. உட்செவியில் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் பெரும் ஓசையில் சேதமாகின்றன, மனிதர்களுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. பணியிட ஓசைக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு ஒன்று உண்டு: 85 டெசிபெல் ஓசையில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிவிடும். 88-ல் 4 மணி நேரம், 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் வெறும் 15 நிமிடம். சின்ன ரிஹர்சல் அறையில் டிரம்ஸும் ஒலியைப் பெருக்கும் இரண்டு ஆம்ப்பும் சேர்ந்தால் 100 சாதாரணமாகத் தாண்டும். நாங்கள் அதில் மூன்று மணி நேரம் இருப்போம், வாரத்துக்கு நாலு நாள், காதில் எதுவும் இல்லாமல், இருபது வயதில்.

எனக்கு இடது காதில் ஓயாத ஒரு ரீங்காரம் இருக்கிறது. ஹை-ஹாட் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஜோடி சிம்பல்) இருக்கும் பக்கம். பகலில் தெரியாது, இரவில் எல்லாம் அடங்கியதும் அது தொடங்கும். மின்விசிறி ஓசையோ மெல்லிய மழை ஓசையோ இல்லாமல் நான் தூங்கி ஏழு வருடம் ஆகிறது. அமைதி என்றால் என்ன என்பது எனக்கு நினைவில்தான் இருக்கிறது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தன் காதுகளுக்கு நேர்ந்ததைப் பல வருடமாக வெளிப்படையாகச் சொல்லி வருகிறார். ஏசி/டிசி-யின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல், தொடர்ந்தால் முழுவதும் கேட்காமல் போகலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் சுற்றுப்பயணத்தின் நடுவில் மேடையை விட்டு இறங்க நேர்ந்தது. அவர்கள் நிலையே அப்படி என்றால் நமக்கு என்ன.

பஞ்சை அடைத்துக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. இசைக்கலைஞர்களுக்கென்றே காதின் அச்சு எடுத்துச் செய்து தரும் அடைப்பான்கள் இருக்கின்றன; அவை ஓசையின் எல்லாப் பகுதியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், அதனால் பாட்டு மூடி வைத்த மாதிரி கேட்காது, தள்ளி நின்று கேட்பது மாதிரி இருக்கும். வாத்தியம் வாங்கும் நாளிலேயே இதையும் வாங்குங்கள். மேடையில் குழுவின் வாசிப்பைக் கேட்கக் காதுக்குள் வைக்கும் இன்-இயர் மானிட்டர் பயன்படுத்துபவர்கள், கூட்டத்தின் சத்தம் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுவார்கள். செய்யாதீர்கள். திறந்த காது முழு ஓசையையும் வாங்கும், மூடிய காதில் அதை ஈடுகட்ட நாம் வால்யூமைக் கூட்டுவோம், இரண்டும் கெடும். கூட்டத்தைக் கேட்க ஆசை என்றால் மேடை ஓரத்தில் ஒரு மைக்கை அவர்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், எல்லா ஒலிப்பதிவாளர்களுக்கும் இது தெரியும். கேட்க வந்தவர்களும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம், நடுநடுவே வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். அந்த ஓசை இரண்டு நாளுக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஒரு குழுவில் பாடுகிறேன். ஆல்பத்தில் பாடிய உச்சத்தை மேடையில் மூன்றாவது நாளே எட்ட முடியவில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: சகோதரி, தப்பு உங்கள் தொண்டையில் இல்லை, பாட்டுக்குச் சுருதி வைத்த இடத்தில். ஸ்டூடியோவில் அந்த உச்ச வரியை ஓய்வெடுத்து ஓய்வெடுத்து ஐந்து தடவை பாடி, அதில் சிறந்ததை ஒட்டியிருப்பார்கள். மேடையில் அதே வரி பத்தாவது பாட்டில், வியர்த்துக் களைத்த பிறகு வரும், நாளைக்கும் வரும். எந்தப் பாட்டையும் பதிவுக்கு முன் இரண்டு மணி நேர ரிஹர்சலின் கடைசியில் பாடிப் பாருங்கள். அங்கே வருகிற சுருதிதான் உங்கள் சுருதி. ஏற்கெனவே வெளியாகிவிட்டதென்றால் மேடையில் எல்லாரும் அரைச் சுருதி இறக்கி மீட்டுங்கள், பல பெரிய குழுக்கள் செய்வதுதான், கேட்பவர்களுக்குத் தெரியாது.

குரலை அதிகம் தின்பது பாட்டு இல்லை, பேச்சு. நிகழ்ச்சி முடிந்ததும் இரைச்சலுக்கு நடுவில் ரசிகர்களிடம் கத்திக் கத்திப் பேசுவது, பயணத்தில் வண்டிச் சத்தத்துக்கு மேல் பேசுவது. அதைக் குறையுங்கள். தொண்டை கட்டிய நாளில் கிசுகிசுப்பாகப் பேசுவதும் நல்லதில்லை, அதுவும் குரல்நாணுக்குச் சிரமம் கொடுக்கலாம், பேசாமலே இருந்துவிடுங்கள். எங்கள் பாடகர் பயணத்தில் காலை முழுவதும் எழுதித்தான் பேசுவார். முதலில் எங்களுக்குப் பழக்கமில்லாமல் இருந்தது, இப்போது அவர் எழுதுவதை முழுவதும் படித்துவிட்டுப் பதில் சொல்வதால் எங்களுக்குள் சண்டையே குறைந்திருக்கிறது.

கேள்வி: மிக்ஸிங் நேரத்தில் எங்கள் குழு உடைந்தேவிட்டது. ஒவ்வொருவரும் தன் வாத்தியம் கேட்கவில்லை என்கிறார்கள்.

பதில்: படிக்கவே வருத்தமாக இருந்தது. எங்களுக்கும் கிட்டத்தட்ட அந்த நிலை வந்தது. அவரவருக்கு அவரவர் வாத்தியத்தின் ஒவ்வொரு நெளிவும் தெரியும், அது கொஞ்சம் மறைந்தாலும் வலிக்கும். எங்களுக்கு வழி காட்டியவர் மிக்ஸிங் செய்தவர்தான். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்காமல், மிக்ஸைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். ‘உங்க வாத்தியத்தைப் பத்தி எதுவும் எழுதாதீங்க, மத்தவங்க வாத்தியத்தைப் பத்தி மட்டும் எழுதுங்க’ என்றார். வந்த குறிப்புகளைப் பார்த்தால், கிட்டார் வாசிப்பவர் ‘இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் கூட வேண்டும்’ என்று எழுதியிருந்தார். நான் அதே பாட்டில் கிட்டாரைக் கூட்டச் சொல்லியிருந்தேன். உங்கள் பழைய நண்பர்களைத் திரும்பக் கூப்பிட்டு இதைச் செய்து பாருங்கள், இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. படிப்பை முடித்துவிட்டு ஒரு ராக் குழுவில் சேர்ந்திருக்கிறான். இரவெல்லாம் விழித்திருக்கிறான், பகலில் தூங்குகிறான். இதில் வாழ்க்கை இருக்கிறதா? போதைப் பழக்கம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, என் தாயும் இதே கேள்வியை இதே வார்த்தைகளில் கேட்டிருக்கிறார், அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆல்பத்திலிருந்து மட்டும் வாழ முடிகிறவர்கள் மிகக் குறைவு. இணையத்தில் ஒரு பாட்டு ஒரு முறை ஓடினால் கிடைப்பது மிக அற்பமான தொகை. பெரும்பாலானவர்கள் நிகழ்ச்சிகளிலும், மற்றவர்களின் பதிவுகளுக்கு வாசிப்பதிலும், பாடம் சொல்லிக் கொடுப்பதிலும்தான் சம்பாதிக்கிறோம். எனக்கு வாரத்தில் மூன்று நாள் மாணவர்கள் இருக்கிறார்கள். மகனிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: பாட்டை யார் யார் எழுதினார்கள், வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று குழுவுக்குள் எழுதி வைத்திருக்கிறார்களா? பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் ஒரு உரிமை, பதிவான ஒலிக்கு இன்னொரு உரிமை, இரண்டும் தனித்தனி. நண்பர்கள்தானே என்று விட்டுவிட்டு, பணம் வரும்போது பிரிந்த குழுக்கள் ஏராளம்.

தூக்கத்தைப் பற்றி: மேடையில் இரண்டு மணி நேரம் இதயம் ஓடிய ஓட்டம் உடனே அடங்காது. நிகழ்ச்சி முடிந்து மூன்று மணி நேரம் எனக்குக் கண்ணை மூட முடிவதில்லை. போதை பெரும்பாலும் நுழைவது இந்த மூன்று மணி நேரத்தில்தான். ஆரவாரமெல்லாம் ஓய்ந்து அறையில் தனியாக இருக்கும்போது, அந்த உயரத்திலிருந்து இறங்க ஏதாவது வேண்டும்போல இருக்கும். என்னோடு வாசித்த ஒருவரை அப்படித்தான் இழந்தோம். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வந்தது: நிகழ்ச்சி முடிந்ததும் யாரும் தனியாக அறைக்குப் போவதில்லை. வாத்தியங்களைச் சேர்ந்தே கழற்றி ஏற்றுகிறோம், சேர்ந்து சாப்பிடுகிறோம், கொஞ்ச தூரம் நடக்கிறோம். உங்கள் மகன் நிகழ்ச்சி முடிந்து வந்ததும் எப்படி இருந்தது என்று நீங்களே கேளுங்கள். நள்ளிரவானாலும் என் அம்மா விழித்திருந்து கேட்பார், பாட்டின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது, ‘அந்தக் கடைசியில டமடமன்னு வருமே, அது இன்னிக்கு நல்லா வந்துச்சா?’ என்பார். நான் பத்திரமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மணிக்கட்டில் வலி. வாசிப்பை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: வலியோடு வாசிப்பதை இன்றே நிறுத்துங்கள், வாசிப்பை விட வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிறகு இருக்கையின் உயரத்தையும், குச்சியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள்; அடித்த பிறகு குச்சி தானாக எழும்ப வேண்டும், நாம் தூக்கக் கூடாது. டெஃப் லெப்பர்டின் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையையே இழந்தார். அந்தக் கை செய்த வேலையை இடது காலுக்குக் கற்றுக்கொடுத்து, மின்னணு மிதிகளோடு மேடைக்குத் திரும்பினார், 1987-ல் வெளியான ஆல்பத்திலும் வாசித்தார். உங்களுக்குத் தேவை சில மாத ஓய்வாக இருக்கலாம். பொறுமையாக இருங்கள்.

கேள்வி: மேடையில் எல்லாம் கைமீறிப் போன அனுபவம் உண்டா?

பதில்: உண்டு. ஒரு நிகழ்ச்சியில் நாலாவது பாட்டின் நடுவில் என் இன்-இயர் செத்துவிட்டது. கிளிக் இல்லை, குரல் இல்லை, கிட்டார் இல்லை. காதை அடைத்திருந்ததால் என் டிரம்ஸே எங்கோ கிணற்றுக்குள் கேட்பது போல இருந்தது. நிறுத்தினால் முன்பே பதிவு செய்து பின்னால் ஓடவிடும் டிராக் தனியாக ஓடும், எல்லாம் குலைந்துவிடும். நிமிர்ந்து பார்த்தேன். பேஸ் வாசிப்பவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போல, கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எனக்கு எதிரே வந்து நின்று, ஒவ்வொரு தட்டுக்கும் தலையை ஆட்ட ஆரம்பித்தார். அவர் தலையைப் பார்த்தே பாட்டு முழுவதையும் வாசித்து முடித்தேன். கிட்டத்தட்ட மூன்று நிமிடம் அவர் கண்ணை எடுக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் பிறகு வந்து, அந்தப் பாட்டில் நீங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று வாசித்தது ரொம்ப நன்றாக இருந்தது, எப்போதும் அப்படிச் செய்வீர்களா என்று கேட்டார். இப்போது அந்தப் பாட்டில் அவர் எப்போதும் திரும்பி நிற்கிறார்.

கேள்வி: எனக்கு 14 வயது. நான் பெண். டிரம்ஸ் கற்க ஆசை. வீட்டில் சத்தம் போட முடியாது. எப்படித் தொடங்குவது?

பதில்: தங்கச்சி, ரப்பர் மேற்பரப்புள்ள ஒரு பயிற்சிப் பலகை, இரண்டு குச்சி, ஃபோனில் ஒரு மெட்ரோனோம் (சீரான வேகத்தில் தட்டு கொடுக்கும் செயலி), முதல் ஆறு மாதத்துக்கு இது போதும், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, வலது இடது வலது இடது என்று பத்து நிமிடம் ஒரே பலத்தில் தட்டுங்கள். மெதுவாக வாசிப்பதுதான் கடினம், வேகம் பிறகு வந்துவிடும். இரண்டு கையின் ஓசையும் ஒன்று போலக் கேட்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கவனியுங்கள். இடது கை சோம்பலாகத் தெரியும், எல்லாருக்கும் அப்படித்தான், என்னுடையது இன்னமும் அப்படித்தான். ஒரு மாதம் செய்துவிட்டு, முதல் நாள் பதிவையும் முப்பதாவது நாள் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டு, என்ன மாறியது என்று எனக்கு எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.